பாலுக்கு வரி, பத்திரத்துக்கு மானியம்

மானியம் என்ற சொல்லுக்கு இன்று நாம் வழங்கும் பொருள் மிகவும் இளையது. உரத்துக்கு மானியம், எண்ணெய்க்கு மானியம் என்று சர்க்கார் கொடுக்கும் உதவிப் பணத்துக்கு அச்சொல்லை நாம் எடுத்துக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே, தமிழ்நாட்டுக் கிராமங்களில் குருக்களும் தச்சனும் கொல்லனும் வெட்டியானும் தத்தம் ஊழியத்துக்கு ஈடாக வரியின்றி அனுபவித்துவந்த நிலத்துக்கே அது பெயராக இருந்தது; மானியம் கொடுத்தார்கள் என்றால் நிலம் கொடுத்தார்கள் என்பதே அர்த்தம். மலாய் மொழியிலும் ஏறக்குறைய இதே விநோதம் நிகழ்ந்திருக்கிறது. ஆங்கிலேயரிடமிருந்து அம்மொழி வாங்கிக்கொண்ட 'கெரான்' என்ற சொல் நிலத்தின் உரிமைப் பத்திரத்தையும் குறிக்கும், சர்க்கார் வழங்கும் உதவித் தொகையையும் குறிக்கும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கித்தா என்னும் ரப்பர் மரக் காடுகளில் நூறாண்டுக் காலம் நடந்த கொடுக்கல் வாங்கல்களைப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு, இந்த இரண்டு பொருளும் ஒரு சொல்லில் வந்து குடியேறியது தற்செயலாகத் தோன்றாது. முதல் கெரான் எவன் பெட்டியில் இருந்ததோ அவன் வீட்டுக்கே இரண்டாவது கெரானும் வழி கேட்டுக்கொண்டு போயிற்று.

ஜொகூரில் பயிர்த்தொழிலுக்கு முதலில் வழங்கப்பட்டது பணமன்று, ஆற்றின் மேல் உரிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெமெங்கோங் இப்ராகிமும் அவருக்குப் பின் அவர் புதல்வர் அபு பக்காரும், காடு அடர்ந்து கிடந்த தங்கள் நாட்டில் மிளகும் கம்பிரும் பயிரிட வந்த சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' என்னும் ஆற்றுச் சாசனங்களை எழுதிக் கொடுத்தார்கள். சாசனம் பெற்றவன் காங்சூ எனப்பட்டான். அவன் குடியேறிய துறை கங்கார் எனப்பட்டது. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்களில் அந்தக் காலம் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பிர் இலையை வேகவைக்க விறகு வேண்டும். விறகுக்காகக் காடு அழிந்தது. அந்தப் பயிரினால் மண்ணும் சில ஆண்டுகளில் சாரம் இழந்தது. 1909இல் ரயில் பாதை ஜொகூரை ஊடறுத்துச் சென்றபோது கம்பிரின் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. 1917இல் காங்சூ உரிமைகள் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டன. அந்த வெற்றிடத்தில் ரப்பர் வந்து நின்றது.

ரப்பரின் பிரயாணக் கதை பலரும் அறிந்தது: 1876இல் விக்ஹாம் பிரேஸிலிலிருந்து விதை கொண்டுவந்ததையும், சிங்கப்பூர்ப் பூங்காவின் அதிகாரியாக இருந்த ரிட்லி கண்ட துரைகளிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச்சொல்லிப் பித்தன் என்று பெயர் வாங்கியதையும் இங்கே விரிப்பதற்கில்லை. நமக்கு வேண்டியது, அந்த மரத்தோடு கூடவே தமிழன் வந்து சேர்ந்தான் என்பதும், அவனை அழைத்துவந்த முறையும்தான். 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் செய்த வேலைநாட்களின் கணக்குப்படி அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். அந்தப் பணத்திலிருந்து ஆள் திரட்டிய கங்காணியின் கமிஷனும், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறுகிறவர்களின் பயணச் செலவும் கொடுக்கப்பட்டன. ஜொகூருக்கு வந்தவர்களில் பலர் சிங்கப்பூர்த் துறையில் இறங்கி, செயின்ட் ஜான்ஸ் தீவின் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்துவிட்டு, ரெங்கத்துக்கும் குளுவாங்குக்கும் லாபிஸுக்கும் சிகாமட்டுக்கும் பிரிந்து போனார்கள். தொழிலாளி உழைத்த நாளை அளவுகோலாகக் கொண்டு ஒரு நிதி திரட்டப்பட்டதென்றால், இந்த வரலாற்றில் அது அநேகமாக அந்த ஒரு தடவைதான். அதுவும் அவனுக்குக் கூலியாகச் சேரவில்லை, அடுத்த தொழிலாளியைக் கொண்டுவரவே பெரும்பாலும் செலவாயிற்று.

ரப்பரின் விலை ஏறினால் வானத்தில், இறங்கினால் பாதாளத்தில். முதல் உலக யுத்தத்துக்குப் பின் விலை விழுந்தபோது, ஸர் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸன் தலைமையில் கூடிய கமிட்டி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் திட்டம் ஒன்றை வகுத்தது. அது 1922 நவம்பர் முதல் 1928 அக்டோபர் வரை அமலில் இருந்தது. டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த தீவுகள் இதில் சேராததனால், மலாயா அடைத்த துளையைச் சுமத்ரா திறந்துவிட்டது. 1925இல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர் 1932இல் பத்துக் காசுக்கும் கீழே இறங்கியது. வேலையற்ற தமிழர்கள் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு 1934இல் டச்சுக்காரரையும் பிரெஞ்சுக்காரரையும் சயாமையும் சேர்த்துக்கொண்டு ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் கீழ்ச் சிறு தோட்டக்காரர்களுக்குக் கூப்பன் வழங்கினார்கள். இந்தக் கூப்பன் ஒரு ரசமான வஸ்து. ஒருவன் இத்தனை ராத்தல் ரப்பர் விற்கலாம் என்பதற்கு அது அனுமதிச் சீட்டு. ஆனால் அவன் மரத்தையே தொடாமல் சீட்டை மட்டும் வியாபாரியிடம் விற்றுவிட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கலாம். பால் வெட்டாமல் இருப்பதற்குக் கிடைத்த வருமானம் என்று இதைச் சொல்வது தவறாகாது. மூவாரிலும் பத்து பகாட்டிலும் பொந்தியானிலும் சில ஏக்கர் கித்தா வைத்திருந்த மலாய்க்காரர்களும் ஜாவானியரும் சீனரும் இந்தச் சீட்டை நன்கு அறிவார்கள். அவர்களுடைய விளைச்சலை அதிகாரிகள் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று, யுத்தம் முடிந்ததும் 1946இல் மலாயாவின் சிறு தோட்டங்களைச் சுற்றிப் பார்த்த பொருளாதார அறிஞர் பாவர் எழுதினார். அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்பது நியாயமான புகார். தோட்டக் கூலிகளின் வரிசைவீடான லயத்தில் இருந்தவனுக்குக் குறைத்துக் கொடுப்பதற்குக்கூட ஒன்றுமில்லை. அவன் பேரில் மரம் இல்லை, ஆகவே சீட்டும் இல்லை.

இனி இக்கட்டுரையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். ஜப்பானியர் காலம் போய், அவசரகாலம் வந்து, தோட்டங்களைச் சுற்றி முள்வேலியும் ஊரடங்கும் ஏற்பட்டிருந்த 1950ஆம் ஆண்டில், கொரியாவில் யுத்தம் மூண்டு ரப்பர் விலை கிடுகிடுவென்று ஏறி, 1951இன் தொடக்கத்தில் ராத்தல் இரண்டு வெள்ளியையும் தாண்டியது. பணம் புரண்ட அந்தச் சமயத்திலேயே, இரண்டு கவலைகள் அறிந்தவர்களை அரித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கா யுத்த காலத்தில் செயற்கை ரப்பரைப் பெருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்பது ஒன்று. மலாயாவின் மரங்கள் கிழடு தட்டிவிட்டன என்பது மற்றொன்று. முப்பது ஆண்டு கண்ட பழைய மரம் ஏக்கருக்கு ஆண்டொன்றில் நானூறு ஐந்நூறு ராத்தல் கொடுத்தாலே அதிகம். 1920களின் நடுவில் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் மற்றவர்களும் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஒட்டுக்கன்றுகளோ ஆயிரத்துக்கு மேல் கொடுக்கக் கூடியவை. ஆனால் புதுக்கன்று பால் தருவதற்கு ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அதை நட்டவன் எதை உண்பான்?

இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 1952இல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் பிறந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் ஒவ்வொரு ராத்தலுக்கும் நாலரைக் காசு 'செஸ்' வரி பிடித்து, அதை இரண்டு நிதிகளாகப் பிரித்தார்கள். நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கு 'ஏ' நிதி. நூறு ஏக்கருக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 'பி' நிதி. இரண்டுக்கும் உள்ள பேதத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'ஏ' நிதியில் ஒவ்வொரு தோட்டம் செலுத்திய வரியும் அத்தோட்டத்தின் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டு, அது மறுநடவு செய்ததும் திரும்பிச் சென்றது. கம்பெனிக்கு அது கட்டாயச் சேமிப்பு மாதிரி. 'பி' நிதியிலோ எல்லாச் சிறு தோட்டக்காரர்களுடைய வரியும் ஒரே குளத்தில் கலந்தது. யார் மறுநடவு செய்தாரோ அவர் ஏக்கருக்கு இவ்வளவு என்று அதிலிருந்து மொண்டுகொண்டார். ஏக்கருக்கு 400 வெள்ளி என்று தொடங்கிய மானியம் சில ஆண்டுகளுக்குள் 600 வெள்ளியாக உயர்ந்தது.

அதை ஒரே தவணையில் கொடுத்துவிடவில்லை. கொடுத்திருந்தால் கன்று நட்டிருக்க மாட்டார்கள், கல்யாணம் நடத்தியிருப்பார்கள் என்று அதிகாரிகள் பயந்தது முற்றிலும் ஆதாரமற்றதன்று. பழைய மரத்தை அழித்து நிலத்தைச் சுத்தம் செய்த பிறகு ஒரு தவணை, கன்று நட்டதும் ஒரு தவணை, பிறகு கன்று நல்லபடி வளர்கிறதா என்று பார்த்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம். பார்த்துச் சொல்ல இன்ஸ்பெக்டர் வருவார். வரப்போகிறார் என்றால் லாலாங் புல்லைக் களைய வேண்டும். கன்றுகளின் வரிசையும் இடைவெளியும் சரியாக இருக்க வேண்டும். மானியத்தில் ஒரு பகுதி உரமாகவும் கன்றாகவும் வருவதால் அந்த உரம் வேறு எவன் நிலத்திலும் போய்ச் சேராமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நிலம் மனுப் போடுகிறவன் பேரில் இருக்க வேண்டும். தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பத்திரம் அவர் பேரிலேயே கிடக்க, பேரப்பிள்ளைகள் ஏழு பேர் ஆளுக்கொரு நிரையாகப் பாகம் பிரித்து வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது சாமானியமான நிபந்தனை அல்ல.

அதிலும் கடினமான ஒன்று இந்த ஏற்பாட்டின் அடிவயிற்றில் இருந்தது. ஒன்றரை ஏக்கர் கித்தாவை மட்டும் நம்பியிருந்த குடியானவன், ஏக்கருக்கு நானூறு வெள்ளி கிடைக்கும் என்பதற்காக மரத்தை வெட்டிவிட்டு ஆறாண்டு காத்திருக்க முடியாது. ஆகவே கிழ மரத்தையே கீறிக்கொண்டிருந்தான். ஆனால் அவன் விற்ற ஒவ்வொரு ராத்தலிலும் நாலரைக் காசு பிடிபட்டுக்கொண்டே இருந்தது, ஏனென்றால் ஏற்றுமதி வியாபாரி செலுத்தும் வரியை வாங்கும் விலையில் குறைத்துக்கொள்வது வியாபார தர்மம். ஐம்பது ஏக்கர் வைத்திருந்த அண்டைவீட்டானோ பத்து ஏக்கரை வெட்டி நட்டுவிட்டு, மிச்ச நாற்பதில் ஜீவனம் நடத்தி, மானியத்தை வாங்கிக்கொண்டான். ஏழையின் காசு பணக்காரன் நிலத்தில் கன்றாக முளைத்தது என்று அறிஞர்கள் பிற்காலத்தில் குறை கூறினார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விவாதம் முழுவதும் நிலம் உள்ளவனுக்கும் அதைவிட அதிக நிலம் உள்ளவனுக்கும் இடையில்தான் நடந்தது என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

மூன்றாவது மனிதன் ஒருவன் இருந்தான். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு இருட்டிலேயே தன் நிரைக்குப் போய், நானூறு மரமாவது வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவன் அவன். கணக்குக்காக அவன் ஒரு நாளில் இருபது ராத்தல் உலர்ந்த ரப்பருக்கு வேண்டிய பால் கொண்டுவந்தான் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நாள் உழைப்பில் பிடிக்கப்பட்ட மறுநடவு வரி தொண்ணூறு காசு. அவன் கூலியிலிருந்து பிடிக்கவில்லை என்பது வாஸ்தவம், சட்டப்படி அது சரக்கின் மேல் விதித்த வரி, சரக்கு தோட்டத்துடையது. மறுநடவு நடந்திராவிட்டால் தொழிலே படுத்திருக்கும், அவனுக்கும் வேலை இருந்திராது என்ற வாதமும் மெய்யே. இருந்தாலும் அந்தத் தொண்ணூறு காசு எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தொடர்ந்து பார்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அது திரும்பி வந்ததையும் அவன் பார்த்தான். தான் வெட்டிய நிரையின் பட்டையைச் சுற்றிச் செதுக்கி, சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சைப் பூசிவிட்டுப் போவார்கள். சில வாரங்களில் மரம் இலை உதிர்ந்து நின்றபடியே சாகும். தகப்பன் வெட்டிய மரம், தாய் பால் எடுத்த மரம் என்பதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் வராது. காடு வெட்டவும் குழி தோண்டவும் கன்று நடவும் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள் ஆள் கொண்டுவந்தார்கள். ஆறேழு ஆண்டு கழித்துப் புது மரம் பாலுக்கு வந்தபோது, அதே பாலை எடுக்க முன்னைவிடக் குறைந்த ஆட்கள் போதுமானார்கள். ஒட்டுமரத்தின் பெருமையே அதுதான்.

கெட்டிக்காரர்கள் இன்னொன்றையும் கண்டுகொண்டார்கள். சுதந்திரம் வரப்போகிறது, நாளை என்ன ஆகுமோ என்று ஐரோப்பியக் கம்பெனிகளில் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து அவற்றை வாங்கி, துண்டு துண்டாக அறுத்து விற்றார்கள். இதற்குத் தமிழர்கள் இட்ட பெயர் தோட்டத் துண்டாடல். நூறு ஏக்கருக்குக் கீழ் வந்துவிட்ட துண்டு, சட்டத்தின் கண்ணில் தோட்டமன்று, சிறு தோட்டம்; அதன் புதுச் சொந்தக்காரன் 'பி' நிதியின் கதவைத் தட்டலாம். லயத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடமைப்பட்டிருந்த நிர்வாகம் மறைந்துபோகும். இருபது ஏக்கர்க்காரன் தன் பிள்ளைகளைக் கொண்டோ குத்தகை ஆளைக் கொண்டோ வெட்டிக்கொள்வான். தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்க வேண்டியதுதான். ஜொகூர் அரச குடும்பத்து வழிவந்தவரும், பத்து பகாட்டில் பள்ளிக் கல்வி பெற்றவருமான பேராசிரியர் ஊங்கு அஸீஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை இதற்குச் சாட்சியாக இருக்கிறது. 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியது.

மலாயா இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்த வீ. தி. சம்பந்தன் வேறு ஒரு வழி கண்டார். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளி மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றை அடையலாம். விற்பனைக்கு வரும் தோட்டத்தை அந்தப் பணத்தில் சங்கமே வாங்கும். கெடாவில் இருந்த புக்கிட் சீடிம் தோட்டம்தான் முதலில் வாங்கப்பட்டது. அதிகமாகச் சொல்லப்படாத ஒரு விசேஷம் இந்தச் சங்கத்துக்கு உண்டு: மரத்தை வெட்டினவன் அந்த மரம் நிற்கும் மண்ணின் பத்திரத்தில் பங்கு பெற, சர்க்கார் நிதி எதையும் எதிர்பாராமல், தன் சம்பளத்திலிருந்தே காசு போட்டான். மறுநடவு நிதி அவனுக்குச் செய்யாததை அவனே தனக்குச் செய்துகொண்டான். ஆனால் மலாயா முழுவதும் விற்கப்பட்ட தோட்டங்களின் பரப்போடு ஒப்பிட்டால் சங்கத்தின் கை எட்டியது கொஞ்சமே.

மற்றவை விரைவாக நடந்தன. 1956இல் ஏற்பட்ட பெல்டா, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலத்தையே கொடுத்தது. ஜொகூரில் அதன் குடியேற்றங்கள் பரந்து வளர்ந்தன. ஆனால் அவற்றில் இடம் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் மிகச் சிலவே. 1973 ஜனவரியில் சிறு தோட்டக்காரர்களுக்கென்று ரிஸ்டா என்னும் ஸ்தாபனம் தொடங்கி, 'பி' நிதியின் வாரிசாக மறுநடவு மானியத்தை இன்றளவும் வழங்கி வருகிறது. தோட்டங்களோ மறுநடவு என்று வெட்டிய இடங்களில் ரப்பரை விட்டுச் செம்பனையை நடத் தொடங்கின. 1966இலேயே மலேசியா உலகத்தில் பனையெண்ணெய் அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டது. செம்பனைக்கு விடியற்காலை உளி வேண்டாம், ஏக்கருக்கு அத்தனை ஆளும் வேண்டாம். குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கிவரை இன்று ரோட்டின் இருபுறமும் நிற்பது பெரும்பாலும் பனைதான். அதில் குலை அறுக்கிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றை இங்கே சேர்க்காமல் விட மனம் இல்லை. கட்டிப்பாலின் விலை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், குறைகிற தொகையைச் சர்க்காரே ஈடு செய்யும் உற்பத்தி ஊக்கத்தொகை ஒன்று இப்போது இருக்கிறது. அந்த வரம்பு 2024இல் கிலோவுக்கு மூன்று ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இதைப் பெறுவதற்கு ஓர் அனுமதி அட்டை வேண்டும். அட்டையை நிலச் சொந்தக்காரன் மட்டுமின்றி, அவன் நிலத்தில் பால் வெட்டுகிறவனும் பெறலாம். உளி பிடித்த கைக்கு ஒரு சீட்டு வந்து சேர ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. ஆனால் 40.47 ஹெக்டேருக்கு, அதாவது அதே பழைய நூறு ஏக்கருக்கு உட்பட்ட நிலங்களுக்கே இந்த ஊக்கத்தொகை, தோட்டத்துக்கு இல்லை. தமிழன் உளி பிடித்தது தோட்டத்தில்.

ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பேட்டைகள். மவுண்ட் ஆஸ்டின் என்றால் இக்காலத்து இளைஞர்களுக்குக் கடைத்தெருவும் உணவு விடுதிகளும் நினைவுக்கு வருமே தவிர, கித்தா மரம் நினைவுக்கு வராது. ஸ்கூடாயில் 'லாடாங் ரினி' தமிழ்ப்பள்ளி இருக்கிறது. லாடாங் என்றால் தோட்டம். தோட்டம் போய்விட்டது, பெயர் பள்ளிக்கூடத்தின் பலகையில் மிஞ்சியிருக்கிறது. மலேசியாவின் தமிழ்ப்பள்ளிகளை முழு உதவி பெறுபவை, பகுதி உதவி பெறுபவை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் சர்க்காருடையதே. கட்டடமும் பராமரிப்பும் என்று வரும்போதுதான் பேதம்: பள்ளி நிற்கும் நிலம் சர்க்காருடையதானால் முழு உதவி, தனியாருடையதானால் பகுதி உதவி. துரைமார்கள் தங்கள் தோட்டத்து மூலையில் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. கூரை ஒழுகுகிறது என்று மனுப் போடுகிற தலைமையாசிரியரை அலுவலகத்தில் முதலில் கேட்கும் கேள்வி, நிலத்தின் கெரான் யார் பேரில் இருக்கிறது என்பதுதான்.